புதிய பாடசாலை அதிபருக்கு கோச் தேவையா, மூத்தவர் போதுமா? மலையகத்திலிருந்து ஓர் ஒப்பீடு

வெளிநாட்டிலும் கொழும்பிலும் இருக்கும் பழைய மாணவர்கள் மலையகப் பாடசாலைக்கு உதவ முன்வந்தால், முன்பெல்லாம் கட்டடம், கணினி, நூலகம் என்றுதான் பேச்சு இருக்கும். இப்போது இன்னொரு யோசனையோடும் வருகிறார்கள். "எங்கள் கம்பனியில் மேல்மட்டத்தில் இருப்பவர்களுக்கு ஆளுக்கொரு கோச் வைத்திருக்கிறார்கள். நம்முடைய அதிபருக்கும் அப்படி ஒருவரை வைத்தால் என்ன?" ஹட்டன் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையின் அபிவிருத்திச் சங்கத்தில் இருப்பதால் இந்தக் கேள்வி எங்களிடமும் வந்தது. கட்டடத்தைத் தாண்டி ஆளைப் பற்றி யோசிக்கத் தொடங்கியிருக்கிறார்களே என்று சந்தோஷமாக இருந்தது.

கையில் இருக்கும் வழிகள் நான்கு. வெளியிலிருந்து ஒரு கோச்சை, அதாவது அறிவுரை சொல்லாமல் கேள்வி கேட்டே யோசிக்க வைக்கும் ஒருவரை, அமர்த்தலாம். அரச நிறுவனமொன்றின் பாடநெறிக்கு அனுப்பலாம். ஓய்வுபெற்ற அனுபவசாலி ஒருவரைத் துணையாக வைக்கலாம். அல்லது ஒரே மாதிரிப் பொறுப்பில் இருக்கும் ஐந்தாறு பேரை மாதம் ஒருமுறை கூட வைக்கலாம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்றுக்குத்தான் காசு போதும் என்றால் அந்தச் சிறு குழுவுக்கே கொடுப்பேன், ஆனால் முதல் ஆறு மாதம் அதை ஒரு தேர்ந்த கோச் நடத்த வேண்டும். தனியாள் கோச்சிங்கைப் பதவி ஏற்ற முதல் வருடத்தில் இருப்பவருக்கு மட்டும் வைப்பேன்.

காரணத்தைச் சொல்வதற்கு முன், நாம் எதை வளர்க்கப் பார்க்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். புதிய அதிபருக்கு நிதிப் பிரமாணம் தெரிய வேண்டும், நேரசூசி போட வர வேண்டும், வலயக் கல்வி அலுவலகத்துக்கு அறிக்கை எழுதத் தெரிய வேண்டும். இதெல்லாம் திறமை, படித்துக்கொள்ளலாம். ஆனால் நாம் வளர்க்கப் பார்ப்பது விவேகத்தை. இப்படி ஒரு நிலைமையை யோசித்துப் பாருங்கள். சாதாரண தரப் பரீட்சையில் சித்தி வீதம் குறைந்துவிட்டது என்று மேலிருந்து கேள்வி வருகிறது. 11ஆம் தரத்தில் எட்டுப் பிள்ளைகள் கணிதத்தில் தேறுவது கஷ்டம். "இவங்களை அடுத்த வருஷம் எழுதச் சொல்லுவோம் சேர், வீதம் கூடிரும்" என்கிறார் ஒரு ஆசிரியர். கணக்குப்படி அவர் சொல்வது சரிதான். ஆனால் அந்த எட்டுப் பேரில் பாதிப் பேர் அடுத்த வருடம் வரவே மாட்டார்கள். கொழும்பில் ஒரு கடைக்கோ யாரோ ஒருவர் வீட்டு வேலைக்கோ போய்விடுவார்கள். இந்த இடத்தில் சுற்றுநிருபத்தை மட்டும் பார்த்து அதிபர் முடிவெடுக்க முடியாது.

தோட்டத்திலும் இதுதான் கதை. வெயில் காலத்தில் செடியில் கொழுந்து இல்லை. குறித்த நிறை வராதவர்களுக்கு அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம், போடுவதா என்று வெளிக்கள உத்தியோகத்தர் முடிவெடுக்க வேண்டும். முழுப்பேர் போட்டால் மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். அரைப்பேர் போட்டால் அந்த மாதம் சில வீடுகளில் அடுப்பு எரியாது, அடுத்த மழையில் கொழுந்து பொங்கி வரும்போது மலைக்கு ஆள் கிடைக்காமலும் போகலாம். விவேகம் தேவைப்படுவது இந்த மாதிரி இடங்களில்.

விவேகத்தை ஆய்வுப் பொருளாக எடுத்துப் படித்தவர்களும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் ரொபர்ட் ஸ்டெர்ன்பெர்க் 1998இல் வைத்த விளக்கப்படி, தன் நலன், பிறர் நலன், தன்னையும் பிறரையும் தாண்டிய பெரிய நலன் ஆகிய மூன்றையும் இன்றைக்கும் நாளைக்கும் சேர்த்து நிறுத்துப் பார்த்து, பொது நன்மையின் பக்கம் முடிவெடுப்பதுதான் விவேகம். பெர்லினில் மக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் போல் பால்ட்ஸின் குழு இதற்கு ஐந்து அளவுகோல்களை வகுத்தது. அவற்றில் நமக்கு மிகவும் முக்கியமானது கடைசி: நிச்சயமில்லாத நிலைமையை ஒப்புக்கொண்டு, அதற்குள் நின்றே முடிவெடுக்கத் தெரிவது.

மலையகத்தில் இது ஏட்டுப் பேச்சு இல்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை (தொழிலாளரின் வரிசை வீடுகளை) மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. தகவல் கையில் இருந்தும் சனங்கள் அங்கேயேதான் இருந்தார்கள். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் வந்தபோது பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் மறுபடியும் எத்தனையோ பேர் அதே கேள்விக்கு முன்னால் நின்றார்கள்: ஆட்களை இப்போதே எழுப்பி இறக்குவதா, விடியும்வரை பார்ப்பதா? இறக்கிவிட்டு மலை சரியாமல் போனால் அடுத்த முறை சொல் கேட்க மாட்டார்கள். இறக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பாடசாலை மண்டபத்தைத் திறந்துவிடுகிற அதிபர், லொறி ஏற்பாடு செய்கிற முகாமையாளர், வீடு வீடாகப் போய்த் தட்டுகிற பிரதேச சபை உறுப்பினர் என்று எல்லோரும் முழுத் தகவல் இல்லாமலேதான் முடிவெடுக்கிறார்கள். ஒரு தலைவருக்குச் செலவழிக்கும் காசு அவரை இந்த மாதிரி இரவுக்குத் தயார் செய்ய வேண்டும். நான்கு வழிகளையும் நான் பார்ப்பது இந்தக் கண்ணோடுதான்.

பாடநெறியைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். அதிபர்களுக்கு மீப்பேயில் கல்வித் தலைமைத்துவ அபிவிருத்தி நிலையம் இருக்கிறது. தோட்ட நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கு அத்துருகிரியவில் தேசிய பெருந்தோட்ட முகாமைத்துவ நிறுவனம், அரச நிர்வாகிகளுக்குக் கொழும்பில் இலங்கை அபிவிருத்தி நிர்வாக நிறுவகம். பதவி உயர்வுக்குச் சான்றிதழ் பயன்படும், நிர்வாக விதிகள் ஒழுங்காகத் தெரியவரும், வெளி மாவட்ட நண்பர்களும் கிடைப்பார்கள். போக வாய்ப்பிருந்தால் கட்டாயம் போகட்டும். ஆனால் அந்த எட்டுப் பிள்ளைகளின் கேள்வியை எந்த விரிவுரையாளரும் வந்து தீர்த்து வைக்க முடியாது. அது திரும்பி வந்து திங்கட்கிழமை காலையில் அலுவலகக் கதிரையில் உட்காரும்போதுதான் எழும். நன்கொடையாளர் காசு இதற்குத் தேவையும் இல்லை, அரசே நடத்துகிறது.

மூத்தவர் விஷயம் அவ்வளவு சுலபமாக முடிந்துவிடாது. நம் ஊரில் இயல்பாகவே நடக்கிற வழி இது. ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர், பழைய பெரிய கணக்கப்பிள்ளை ஒருவர், கோயில் கமிட்டியில் நாற்பது வருடம் இருந்த ஒருவர். தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையானதையும், 1992இல் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனதையும் அவர் நேரில் பார்த்திருக்கிறார். தோட்டப் பாடசாலை ஒற்றை அறையில் ஒரே ஆசிரியரோடு நடந்த காலமும் அவருக்குத் தெரியும். மேல் டிவிஷன்காரர் ஏன் பிள்ளைகளைக் கீழ்ப் பாடசாலைக்கு அனுப்புவதில்லை, இருபது வருடத்துக்கு முன் எந்தத் திருவிழாவில் என்ன சண்டை நடந்தது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். கொழும்பிலிருந்து வரும் எந்தக் கோச்சுக்கும் இது தெரியாது. காசும் கேட்க மாட்டார், ஒரு பிளேன்டீ போதும்.

ஆனாலும் இரண்டு சிக்கல் இருக்கிறது. ஒன்று, அவரும் இந்த ஊர்க்காரர். அவருடைய மருமகன் அதே பாடசாலையில் ஆசிரியராக இருக்கலாம். அவர் ஒரு தொழிற்சங்கத்தின் ஆள் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும். புதிய அதிபர் அவரிடம் மனம்விட்டுப் பேசுவது சாயங்காலத்துக்குள் லயம் முழுக்கத் தெரிந்துவிடும். மற்றது, மூத்தவர் கேள்வி கேட்பது குறைவு, பதில்தான் சொல்வார். "நான் இருந்த காலத்துல இப்படித்தான் செஞ்சேன்." அவர் காலத்தில் பிரம்பு இருந்தது, அதிபர் சொன்னால் பெற்றோர் மறுபேச்சுப் பேச மாட்டார்கள், கைத்தொலைபேசியில் வீடியோ எடுத்துப் போட யாரும் இல்லை. வயது கூடினால் விவேகமும் தானாகக் கூடிவிடும் என்ற நம்பிக்கையை பால்ட்ஸின் ஆய்வுகளும் தாங்கவில்லை. இருபதுகளின் நடுப்பகுதிக்குப் பிறகு எழுபதைத் தாண்டும் வரைக்கும் வயதோடு சேர்ந்து அது ஏறியதாக அவர்கள் காணவில்லை. என்ன மாதிரி அனுபவம், அதைப் பற்றி எவ்வளவு யோசித்தார் என்பதுதான் கணக்கு.

பெண் அதிபர்களுக்கு இந்த வழி இன்னும் ஒடுங்கியது. அனுபவசாலி என்று ஊர் காட்டும் ஆட்கள் பெரும்பாலும் ஆண்கள். பாடசாலை முடிந்த பிறகு அவர் வீட்டுக்குப் போய் ஒரு மணித்தியாலம் கதைத்துவிட்டு வர ஓர் ஆண் அதிபருக்கு இருக்கிற சுதந்திரம் பெண் அதிபருக்கு இல்லை. கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பான்மை பெண்களாக இருக்கும் ஒரு சமூகத்தில், பெண் தலைமைகளுக்கு உதவுகிற ஏற்பாடாக இருக்கிறதா என்பதை நாம் முதலிலேயே கேட்க வேண்டும்.

இனி கோச். டென்னிஸ் பயிற்சியாளராக இருந்த திமோதி கோல்வே 1970களில் ஒன்றைக் கவனித்தார். கையை இப்படி வை, காலை அப்படி வை என்று சொல்லச் சொல்ல ஆட்டக்காரர் தடுமாறுகிறார். பந்தை நீயே கவனி என்று விட்டால் தானாகத் திருத்திக்கொள்கிறார். பிரிட்டனில் ஜோன் விட்மோர் போன்றவர்கள் இதைக் கம்பனி நிர்வாகத்துக்குக் கொண்டு வந்தார்கள். அங்கே பரவிய முறைப்படி இலக்கு என்ன, இப்போது நிலைமை என்ன, என்னென்ன வழி இருக்கிறது, எதைச் செய்யப் போகிறாய் என்ற வரிசையில் கோச் கேட்டுக்கொண்டே போவார். அறிவுரை சொல்ல மாட்டார்.

இந்த முறையிலேயே ஓர் ஆபத்தும் இருக்கிறது. காசு கொடுப்பவர்கள் இதை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். நம்முடைய அதிபர் போய் உட்கார்ந்து, "சித்தி வீதத்தை 60 ஆக்க வேண்டும்" என்று இலக்கு சொல்கிறார் என்று வையுங்கள். இலக்கை மட்டும் பிடித்துக்கொள்ளும் கோச் அவரை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார். மிகச் சுருக்கமான வழி எது? அந்த எட்டுப் பிள்ளைகளை நிறுத்துவது. அதிபருக்குத் தன்னம்பிக்கை வரும், வீதமும் வரும், தப்பான முடிவும் வந்து சேரும். விவேகம் வளர வேண்டுமானால் கோச் அந்த இலக்கையே தொட்டுக் கேட்க வேண்டும். 60 யாருக்கு வேண்டும்? அது வந்தால் யாருக்கு நன்மை, யார் காசில்? பத்து வருடம் கழித்து அந்த எட்டுப் பேரில் ஒருவர் உங்களைப் பஸ்சில் கண்டால் என்ன சொல்வார்? இப்படிக் கேட்கத் தெரிந்தவர் கிடைத்தால் அந்தக் காசு வீண் போகாது.

கோச்சின் பெரிய பலம் அவர் அன்னியர் என்பது. அவருக்குத் தொழிற்சங்கம் இல்லை, சாதி இல்லை, இடமாற்றம் வாங்கித் தர மாமா இல்லை. தலைமைப் பதவியில் இருப்பவரை இடித்துச் சொல்ல நம்மிடையே ஆள் குறைவு. கீழே இருப்பவர் பயத்தில் சொல்ல மாட்டார், மேலே இருப்பவருக்கு அறிக்கை வந்தால் போதும், வீட்டில் சொன்னால் சண்டையாகும். அந்த வெற்றிடத்தை ஒரு நல்ல கோச் நிரப்புவார். முதல் இரண்டு மூன்று சந்திப்பு வழுக்கும். நம்மவர்கள் "நீங்களே சொல்லுங்க சேர்" என்று காத்திருப்பார்கள், அவர் திரும்பவும் கேள்வியே கேட்பார், இதற்கா காசு என்று தோன்றும். அந்தக் கட்டத்தைத் தாண்டும்வரை பொறுமை வேண்டும்.

பலவீனம் மொழியும் காசும். கொழும்பில் இருக்கும் கோச்சுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் கம்பனிகளுக்காக வேலை செய்கிறவர்கள். ஒரு மனிதர் தன் பயத்தையும் கோபத்தையும் இரண்டாம் மொழியில் சொல்லும்போது அவற்றில் பாதி சொல்லாமலேயே போய்விடும். ஆகவே தமிழில் நடத்தக்கூடியவர் என்பதில் விட்டுக்கொடுக்கக் கூடாது, கொழும்போ சென்னையோ கனடாவோ, காணொளியில் வந்தாலும் சரி. தகுதியையும் பார்க்க வேண்டும். கோச் என்று பெயர்ப்பலகை போட்டுக்கொள்ள உரிமம் எதுவும் தேவையில்லை. 1995இல் தொடங்கிய சர்வதேச கோச்சிங் சம்மேளனம் சான்றிதழ் கொடுக்கிறது. அதன் முதல் படிக்கு 60 மணித்தியாலப் பயிற்சியும் 100 மணித்தியால அனுபவமும் வேண்டும், அடுத்த படிக்கு அனுபவம் 500 மணித்தியாலம், மேல் படிக்கு 2,500. இந்த எண்கள் விவேகத்துக்கு உத்தரவாதம் இல்லை. ஆனால் இரண்டு நாள் பயிலரங்குக்குப் போய்வந்து கோச் ஆனவரைப் பிரித்தறிய உதவும்.

இரகசியம் காப்பது பற்றி முதல் நாளே எழுத்தில் இருக்க வேண்டும். காசு கொடுப்பது சங்கம், கோச்சிங் பெறுவது அதிபர். என்ன பேசினார்கள் என்று சங்கம் கேட்கக் கூடாது. எத்தனை சந்திப்பு நடந்தது, பொதுவாக எந்தத் துறையில் வேலை நடக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நம் ஊரில் இதுதான் மிகக் கஷ்டமான நிபந்தனை என்று நினைக்கிறேன். காசு கொடுத்த பழைய மாணவர் ஒருவர் ஊருக்கு வந்து, "நம்ம அதிபர் எப்படி, முன்னேறுறாரா?" என்று கோச்சையே தொலைபேசியில் கேட்டுவிட்டால் எல்லாம் அன்றோடு முடிந்தது.

கடைசி வழி சக குழு. இதன் வேர் பிரிட்டிஷ் நிலக்கரிச் சுரங்கங்களில் இருக்கிறது. 1940களில் தேசிய நிலக்கரி வாரியத்தில் இருந்த ரெக் ரெவன்ஸ், நிபுணர்களை அழைப்பதற்குப் பதிலாகச் சுரங்க முகாமையாளர்களையே சிறு குழுக்களாக உட்கார வைத்து, ஒருவருடைய பிரச்சினையைப் பற்றி மற்றவர்கள் கேள்வி கேட்கும்படி செய்தார். தொழிலாளர் குடும்பங்கள் வேலைத்தலத்தை ஒட்டியே வாழும் தொழில், மேலிருந்து வரும் இலக்கு, கண் முன்னே இருக்கும் ஆபத்து என்று தோட்டத்துக்கும் சுரங்கத்துக்கும் ஒற்றுமை நிறைய.

நடைமுறை எளிது. ஐந்தாறு பேர். ஒருவர் தன் கையில் இப்போது இருக்கும், இன்னும் முடிவெடுக்காத ஒரு விஷயத்தைச் சொல்கிறார். மற்றவர்கள் கேள்வி மட்டுமே கேட்கலாம், யோசனை சொல்லக் கூடாது. அப்புறம் கொஞ்ச நேரம் யாரும் பேசாமல் அவரை யோசிக்க விட வேண்டும். அடுத்த மாதம் என்ன செய்தேன், என்ன நடந்தது என்று அவர் வந்து சொல்வார். அந்த மௌன நேரத்தை யாரும் வெட்டிவிடக் கூடாது. உளவியலாளர்களான ஸ்டவ்டிங்கரும் பால்ட்ஸும் 1996இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பிரச்சினையை நம்பிக்கையான ஒருவரோடு பேசிவிட்டுப் பிறகு தனியாக யோசிக்கவும் நேரம் கிடைத்தவர்களின் பதில்களில் விவேகம் கணிசமாகக் கூடியது. வெறுமனே பேசியவர்களுக்கு அந்தப் பலன் வரவில்லை. மதிப்புக்குரிய ஒருவர் இதைப் பற்றி என்ன சொல்வார் என்று மனதுக்குள் உரையாடிப் பார்த்தவர்களுக்கும் கூடியது.

குழுவை நான் முன்னால் வைப்பதற்கு இன்னொரு காரணம், கோச்சிங்கில் அதிபர் எப்போதும் தன் பிரச்சினையைத்தான் பார்க்கிறார். குழுவில் ஆறு மாதத்தில் ஐந்து மாதம் மற்றவருடைய பிரச்சினையைப் பார்க்கிறார். உளவியலாளர்களான கனடாவின் இகோர் குரொஸ்மனும் அமெரிக்காவின் ஈதன் குரொஸும் 2014இல் காட்டியபடி, மனிதர்கள் பிறர் விஷயத்தில் விவேகமாக யோசிக்கிறார்கள், தன் விஷயத்தில் அந்த அளவுக்கு இல்லை. தன் விஷயத்தையும் தள்ளி நின்று பார்க்கச் செய்தால் அந்த வித்தியாசம் மறைந்துவிடுகிறது. பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு நிதானமாகக் கேள்வி கேட்டுப் பழகியவர், ஒருநாள் அதே கேள்வியைத் தன்னிடமும் கேட்பார்.

குழு கெட்டுப்போவதற்கும் வழி உண்டு. ஒரே வலயத்து அதிபர்களை மட்டும் சேர்த்தால் ஒரே வெற்றிடத்துக்குக் கண் வைத்திருப்பவர்கள் எதிரெதிரே உட்காருவார்கள், யாரும் உண்மை பேச மாட்டார்கள். அல்லது எல்லோரும் சேர்ந்து வலயத்தைத் திட்டிவிட்டுத் தேநீர் குடித்துக் கலைவார்கள். அதனால் கலந்து சேர்க்க வேண்டும். ஹட்டனிலிருந்து ஓர் அதிபர், பண்டாரவளையிலிருந்து ஒரு வெளிக்கள உத்தியோகத்தர், மாத்தளையிலிருந்து ஒரு கூட்டுறவு முகாமையாளர், ஒரு குடும்பநல உத்தியோகத்தர், ஒரு தொண்டு நிறுவன இணைப்பாளர், ஒரு பிரதேச சபை உறுப்பினர். பாதிப் பேர் பெண்களாக இருக்கட்டும். நேரில் கூட முடியாத மாதத்தில் இரவு எட்டு மணிக்குக் காணொளியில் கூடலாம், பிள்ளைகள் தூங்கிய பிறகு என்றால் ஒன்பது மணி. முதல் ஆறு மாதம் நடத்த கோச் வேண்டும் என்று நான் சொல்வது, "கேள்வி மட்டும்" என்ற விதியை நம்மவர்களே காப்பாற்றுவது ஆரம்பத்தில் முடியாத காரியம் என்பதால்தான். அறிவுரை நாக்கு நுனியில் நிற்கும்.

அப்படியானால் தனிக் கோச் யாருக்கு? பிரதி அதிபராக இருந்து அதே பாடசாலைக்கு அதிபராகிறவருக்கு, லயத்தில் பிறந்து அதே கம்பனியில் சின்ன துரையாக (உதவி முகாமையாளராக) வருகிறவருக்கு. நேற்றுவரை தோளில் கை போட்டவர்கள் இன்று "சேர்" என்கிறார்கள், சிலர் வேண்டுமென்றே சொல்லாமல் விடுகிறார்கள். யாரோடும் பேச முடியாத ஒரு தனிமை அந்த முதல் வருடத்தில் இருக்கிறது. அவருக்கு மாதம் இரண்டு சந்திப்பு வீதம் ஒரு வருடம் கொடுங்கள், பிறகு குழுவுக்குள் கொண்டு வாருங்கள். மூத்தவரையும் விட்டுவிட வேண்டாம். ஊர் வரலாறு தெரிய வேண்டிய விஷயங்களில், கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவராக அவர் இருக்கட்டும். வழிகாட்டிப் பொறுப்பை அவர் தலையில் வைக்கத் தேவையில்லை.

காசு கொடுக்கும் பழைய மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வருட முடிவில் பரீட்சைப் பெறுபேற்றைக் கேட்காதீர்கள், அப்படிக் கேட்டால் அந்த எட்டுப் பிள்ளைகளை நீங்களே வெளியே தள்ளுகிறீர்கள். அதற்குப் பதிலாக அதிபரின் சம்மதத்தோடு ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் மூன்று விஷயம் விசாரியுங்கள். முடிவெடுப்பதற்கு முன் உங்களிடம் கேட்டாரா? எடுத்த ஒரு முடிவை மாற்றி, ஏன் மாற்றினேன் என்று சொன்னாரா? அவசரப்படுத்தியும் பொறுத்திருந்த சந்தர்ப்பம் ஏதாவது உண்டா? மூன்றில் ஒன்றுக்காவது ஆசிரியர்கள் உடனே உதாரணம் சொன்னால் தொடர்ந்து காசு போடலாம். தமிழில் நடத்தக்கூடிய கோச் கிடைக்காமல் தடுமாறினால், அந்தக் காசில் ஒரு பங்கைக் கொண்டு ஓய்வுபெற்ற ஆசிரிய ஆலோசகர் ஒருவரையும், அனுபவமுள்ள பெண் அதிபர் ஒருவரையும் அந்த 60 மணித்தியாலப் பயிற்சிக்கு அனுப்பிவிடுங்கள். அவர்களை வேறு மாவட்டக் குழுவுக்கு நடத்துநராகப் போடுங்கள், சொந்த ஊரில் வேண்டாம். முதல் கூட்டத்தை முதலாம் தவணை தொடங்கியதும் வையுங்கள், மூன்றாம் தவணையில் யாருக்கும் தலை நிமிர நேரம் இருக்காது.